இருண்ட மாளிகையின் வாரிசுகள்

புயல் வீசும் இரவு, ஒதுக்குப்புறமான மாளிகை, உயில் வாசிப்பு, சுவருக்குப் பின்னால் ரகசிய வழி, வாரிசுகளைத் துரத்தும் மரணம். 1920-களில் பிராட்வே நாடக மேடையிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்த இக்கதை வகைக்கு, பால் லெனியின் 'தி கேட் அண்ட் தி கேனரி' (1927) இலக்கணம் வகுத்தது. ஜேம்ஸ் வேலின் 'தி ஓல்டு டார்க் ஹவுஸ்' (1932) அதற்குப் பெயரானது.

இவ்விரண்டும் யுனிவர்சல் நிறுவனத்தின் படங்கள். ஆனால், இவ்வகையைப் பெருக்கியவை, 'பாவர்ட்டி ரோ' என்று ஏளனமாக அழைக்கப்பட்ட சிறு நிறுவனங்களே. ஒரே வீடு, ஒரே இரவு, சில நடிகர்கள் போதும். அரங்க அமைப்பின் குறைகளை இருட்டு மறைத்துவிடும். ஃபிராங்க் ஸ்ட்ரேயர் இயக்கிய 'தி மான்ஸ்டர் வாக்ஸ்' (1932), 'தி கோஸ்ட் வாக்ஸ்' (1934) ஆகியவை இப்படிப் பிறந்தவை.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, பதிப்புரிமையை 28 ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும். நிறுவனங்கள் மறைந்தபின் பல படங்களுக்கு அதைச் செய்ய ஆளில்லை. உரிமையாளர் இல்லாததால் இன்று எவரும் அவற்றைப் பார்க்கலாம். அதே காரணத்தால், சீரமைக்கச் செலவிடுவோர் குறைவு. தொலைந்ததாகக் கருதப்பட்ட வேலின் படத்தை, 1968-ல் கர்ட்டிஸ் ஹாரிங்டன் யுனிவர்சல் கிடங்கிலிருந்து மீட்டார். அதற்குத் தேடிப்பார்க்க ஒரு கிடங்காவது இருந்தது. வாரிசற்ற எளிய படங்களுக்குப் பொது ஆவணக் காப்பகங்களே பொறுப்பேற்க வேண்டும்.