காய்ச்சல் வலிப்பும் இரும்புச்சத்துக் குறைபாடும்

காய்ச்சல் வலிப்பு என்பது பொதுவாக 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது ஏற்படும் வலிப்பு ஆகும். மூளையுறை அழற்சி முதலிய மூளைத் தொற்றுகளால் உண்டாகும் வலிப்பு இதில் அடங்காது. குழந்தைகளுள் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காட்டினருக்கு இது ஏற்படுகிறது. இரும்புச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

வகைகள்

உடல் முழுவதும் பரவி, 15 நிமிடங்களுக்குள் நின்று, 24 மணி நேரத்தில் மீண்டும் வராதது எளிய வலிப்பு எனப்படும். உடலின் ஒரு பகுதியில் மட்டும் தோன்றுவது, நீண்ட நேரம் நீடிப்பது, அதே நாளில் மீண்டும் வருவது ஆகியவை சிக்கலான வலிப்பு எனப்படும்.

இரும்பின் பங்கு

இரும்பு ஈமோகுளோபின் உருவாவதற்கு மட்டுமன்றி, நரம்புக்கடத்திகளின் உற்பத்திக்கும் நரம்பிழைகளின் மயலின் உறைக்கும் தேவைப்படுகிறது. எனவே இதன் குறைபாடு, காய்ச்சலின்போது மூளை எளிதில் தூண்டப்படக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

எனினும் இது உறுதியான காரணமாக நிறுவப்படவில்லை. இரண்டும் மிகுதியாகக் காணப்படும் வயது ஏறத்தாழ ஒன்றே. மேலும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின் அளவு தொற்றின்போது உயர்வதால், குறைபாடு மறைந்துபோகக்கூடும். சில ஆய்வுகள் மாறான முடிவையும் தந்துள்ளன.

முதலுதவி

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் கணக்கிட வேண்டும். வாயில் எதையும் வைக்கலாகாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. தமிழ்நாட்டில் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இதனால் பயன் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்பதால், சாவியால் நின்றதுபோல் தோன்றுகிறது. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனடி மருத்துவ உதவி தேவை. முதன்முறை வலிப்பு வந்த குழந்தையை, வலிப்பு விரைவில் நின்றாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தடுப்பும் பின்விளைவும்

பிறக்கும்போது உடலில் உள்ள இரும்புச் சேமிப்பு ஏறத்தாழ 6 மாதங்களுக்கே போதுமானது. அதன்பின் தாய்ப்பாலுடன் பருப்பு, கீரை, மீன், இறைச்சி முதலிய இணை உணவுகள் தேவைப்படுகின்றன. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு மருந்தை மருத்துவர் கூறும் அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். அளவு மிகுந்தால் அது நஞ்சாகும்.

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு மீண்டும் வரலாம். காய்ச்சல் மருந்து உடல் வேதனையைத் தணிக்குமே தவிர, வலிப்பைத் தடுப்பதில்லை. எளிய வலிப்பு மூளையைப் பாதிப்பதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் கால்-கை வலிப்பு நோய் வருவதுமில்லை.