படியெடுப்புப் பயிற்சி (எண்ணெய் வண்ண உருவப்படம்)

படியெடுப்புப் பயிற்சி என்பது தேர்ந்த இயல்புநெறி ஓவியர் ஒருவரின் உருவப்படத்தை முன்னே வைத்து, அதன் வரைவு, ஒளி நிழல், வண்ணக் கலவை, தூரிகைப் போக்கு ஆகியவற்றை மீண்டும் தீட்டிப் பார்த்து எண்ணெய் வண்ண ஓவியம் கற்கும் முறை. மூலப்படம் என்று சொல்லி விற்கப்படும் போலி இதில் சேராது. முகச்சாயலைப் பிடிப்பதை விட, ஆசான் எதை முதலில் தீட்டினார், எதைத் தொடாமல் விட்டார் என்று அறிவதே இப்பயிற்சியின் பெரும்பயன்.

தோற்றமும் வளர்ச்சியும்

ஐரோப்பியப் பட்டறைகளில் மாணவர்கள் வண்ணம் அரைப்பதில் தொடங்கி, ஆசானின் கோட்டோவியங்களையும் பின்னர் வண்ணப்படங்களையும் படியெடுத்தனர். மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள மோனாலிசா படி இதற்குச் சிறந்த சான்று. லியொனார்டோ மூலத்தில் செய்த திருத்தங்கள் அதன் அடிவரைவிலும் காணப்படுவதால், அது மூலத்தோடு ஒரே காலத்தில் அதே பட்டறையில் உருவானது என்பது 2012-இல் வெளியானது.

படியெடுத்தல் தொடக்க நிலையினருக்கு மட்டும் உரியதன்று. ரூபன்ஸ் ஐம்பது வயதைக் கடந்து, புகழின் உச்சியில் 1628–29-இல் மாட்ரிட்டில் தங்கியபோது அரச சேகரிப்பிலிருந்த டிஷியனின் படங்களைப் படியெடுத்தார். அவற்றுள் ‘ஆதாமும் ஏவாளும்’ இன்று பிராடோவில் உள்ளது.

1793-இல் பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட லூவர், தொடக்கத்திலேயே படியெடுக்கும் ஓவியர்களுக்கெனத் தனி நாள்களை ஒதுக்கியது. பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் மேரி கசாட் போன்ற பெண் ஓவியர்களுக்கு லூவரின் கூடங்களே கல்லூரியாயின.

வெலாஸ்கெஸ் வழி

19-ஆம் நூற்றாண்டின் உருவப்பட ஓவியர் பலருக்கு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸே தலைசிறந்த ஆசான். பாரிஸில் கலைக்கூடம் நடத்திய கரோலுஸ்-துரான், விரிவான முன்வரைவின்றித் தூரிகையாலேயே ஒளி நிழல் தளங்களை அமைக்கக் கற்பித்து, மாணவர்களை வெலாஸ்கெஸிடம் ஆற்றுப்படுத்தினார். அவருடைய மாணவர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1879-இல் பிராடோ சென்று வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ (1656) ஓவியத்தைச் சிறிய அளவில் படியெடுத்தார். அடுத்த ஆண்டு ஹார்லெமில் பிரான்ஸ் ஹால்ஸின் படங்களைப் பயின்றார். 1882-இல் அவர் தீட்டிய ‘எட்வர்ட் டார்லி பாய்ட்டின் மகள்கள்’ படத்தின் இருண்ட உள்ளறையும் சிறுமியர் நிற்கும் இடைவெளியும் அந்தப் பயிற்சியின் நேர்விளைவு. படியெடுத்தல் சொந்த நடையைக் கெடுக்கும் என்ற வாதத்திற்கு இப்படமே போதிய மறுப்பு. 2010-இல் இப்படமும் ‘லாஸ் மெனினாஸ்’ மூலமும் பிராடோவில் சேர்த்துக் காட்டப்பட்டன.

செய்முறை

கித்தானுக்கு முதலில் மங்கிய பழுப்பு அல்லது சாம்பல் அடிப்பூச்சு இடப்படும். கட்டங்கள் இட்டோ அளந்தோ தலையின் சாய்வும் கண், மூக்கு, வாய் இருப்பிடங்களும் குறிக்கப்படும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து நிழலை ஒரே தொகுதியாக நிரப்பியபின், இடைநிலைத் தளங்களும் கடைசியாக நெற்றி, மூக்குநுனி ஒளிகளும் வரும். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு என்ற நான்கு வண்ணங்களே பெரும்பாலான தோல்நிறங்களுக்குப் போதும். எண்ணெய் குறைந்த பூச்சின்மேல் எண்ணெய் மிகுந்த பூச்சு வரவேண்டும். மாறினால் மேற்பூச்சு வெடிக்கும். கன்னத்தின் ஓரம் நிழலில் கரைவதும், தூரிகைத் தடம் தடித்து நிற்பதும் மூலத்தின்முன் நின்றால்தான் விளங்கும். அச்சுப்படம் அதற்கு ஈடாகாது.

இந்தியாவில்

1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் தீட்டுவதைப் பார்த்தே இரவிவர்மா எண்ணெய் வண்ண நுட்பங்களை அறிந்துகொண்டார். ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்பிரதிகளும் அவருக்குப் பாடமாயின.

இன்றைய நிலை

லூவர் இன்றும் படியெடுக்க அனுமதி வழங்குகிறது; படியின் அளவு மூலத்திலிருந்து வேறுபட வேண்டும், ஓவியரின் கையொப்பத்தைப் படியெடுக்கக் கூடாது. இயல்புநெறி கற்பிக்கும் தனியார் கலைக்கூடங்களிலும் இம்முறை வழக்கில் உள்ளது.