வாசற்படியில் ஒரு சமாதி: சோகாமேளரும் நம் நந்தனாரும்

மும்பைத் தமிழர்களாகிய நமக்குப் பண்டரிபுரம் புதிய ஊர் அல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நடக்கிற பஜனைகளில் விட்டலன் பெயர் ஒலிக்காத நாள் குறைவு. 1676 முதல் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நடந்ததால் அபங்கம் அங்கேயே நம் பஜனை மரபில் கலந்துவிட்டது. பக்த விஜயக் கதைகளைக் காலட்சேபத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இருந்தும், பாண்டுரங்கனைப் பார்க்கப் போகும் அவசரத்தில் அவன் வாசலிலேயே இருக்கும் ஒரு சிறிய சமாதியை நம்மில் பலர் நின்று பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், 1986 வரைக்கும்.

அந்த ஆண்டு அலுவலக நண்பர் ஒருவருடன் சோலாப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவர் மராட்டியர், பௌத்தத்தைத் தழுவிய மகார் குடும்பத்தைச் சேர்ந்தவர். திரும்பும் வழியில் பண்டரிபுரம் பார்க்க வேண்டும் என்றேன். மறுக்காமல் கூட வந்தார். கோயிலின் மகாத்வாரத்துக்கு எதிரே வந்ததும் செருப்பைக் கழற்றினார். அங்கிருந்த சமாதியின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நீங்க உள்ளே போயிட்டு வாங்க அண்ணா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

"ஏன், நீங்க வரலையா?"

"எங்க தாத்தா காலத்துல இதுவரைக்கும்தான் விட்டாங்க. இப்ப விடறாங்க, ஆனா எனக்குப் போகணும்னு தோணலை. அறுநூறு வருஷம் பாடினாங்களே அண்ணா, பாட்டுக்குக் கதவு திறந்துச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னைச் சோகாமேளரைப் படிக்க வைத்தது. இக்கட்டுரையும் அதற்கான ஒரு தேடல்தான்.

மங்களவேடாவின் மதில்

சோகாமேளர் நாமதேவரின் காலத்தவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வாழ்ந்தவர். பண்டரிபுரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மங்களவேடாவில் குடியிருந்தார். பிறப்பால் மகார். செத்த மாட்டை அகற்றுவது, ஊரைக் காவல் காப்பது, ஓலை கொண்டு ஓடுவது, கூப்பிட்ட நேரத்தில் ஊர்வேலைக்கு வந்து நிற்பது ஆகியவை அந்தக் குலத்தின் மேல் சுமத்தப்பட்டிருந்தன. மேல்சாதியார் எதிரே வந்தால் 'ஜோஹார்' என்று பணிந்து வணங்க வேண்டும். சோகாமேளர் அந்த வணக்கத்தையே வைத்துப் பாடல்கள் கட்டியிருக்கிறார். ஊராருக்குச் சொல்ல வேண்டிய ஜோஹாரை அவர் விட்டலனுக்குச் சொல்கிறார். எஜமானன் யார் என்பதைச் சத்தம் போடாமல் மாற்றிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் முடிவும் ஊர்வேலையிலேயே நேர்ந்தது. மங்களவேடாவின் ஊர்மதிலைச் செப்பனிட மகார்களை அழைத்தார்கள். கட்டிக்கொண்டிருந்த மதில் இடிந்து விழுந்து வேலைசெய்தவர்களை மூடிவிட்டது. சோகாமேளரும் அதில் மாண்டார். ஆண்டு 1338 என்பது மரபு. செய்தி கேட்டு நாமதேவர் வந்தார். இடிபாட்டுக்குள் கலந்துகிடந்த எலும்புகளில் சோகாமேளருடையவை எவை? ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாராம். விட்டல நாமம் கேட்டவற்றை மட்டும் சேர்த்துக் கொண்டுவந்து கோயில் வாசலுக்கு எதிரே அடக்கம் செய்தாராம். பக்கத்திலேயே கோயிலின் முதல் படி 'நாமதேவ் பாயரி' எனப்படுகிறது. அது நாமதேவரின் நினைவிடம். தையற்காரக் குலத்து நாமதேவர் படியாக, மகார் குலத்துச் சோகாமேளர் அந்தப் படிக்கும் கீழே.

எலும்பு பேசியது நடந்த கதையா என்று கேட்பதில் பயனில்லை. கூலியில்லா வேலைக்கு வந்து மண்ணுக்குள் போன ஒருவரைத் தேடி ஊர் ஊராக நடந்துவந்த ஒரு நண்பரை அந்தக் கதை நினைவில் வைத்திருக்கிறது. மண்ணைத் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் அவர் ஒருவருடைய பெயர்தான் நமக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஒரு குடும்பம் பாடியது

மகீபதி 1762இல் மராத்தியில் இயற்றிய பக்த விஜயத்தில் சோகாமேளர் கதைகள் விரிவாக வருகின்றன. இறைவனின் மாலை இவர் கழுத்தில் கிடந்ததாகத் திருட்டுப் பட்டம் கட்டுகிறார்கள். எருதுகளில் பூட்டி இழுக்கச் சொல்கிறார்கள். எருதுகள் நகர மறுக்கின்றன. இவரை ஒருவர் அறைந்தால் மூலவரின் கன்னம் வீங்குகிறது. காலட்சேபத்தில் கேட்டால் கண்ணீர் வரும். ஆனால் கதைகளைக் காட்டிலும் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. அது அவருடைய சொந்தக் குரல்.

சோகாமேளர் பெயரில் 300க்கும் மேற்பட்ட அபங்கங்கள் கிடைக்கின்றன. அவற்றை அனந்தபட்டர் என்ற அந்தணர் ஏட்டில் எழுதிவைத்தார் என்பது வார்க்கரி மரபு. அவர் மட்டுமா? மனைவி சோயராபாய், தங்கை நிர்மலா, மைத்துனர் பங்கா, மகன் கர்மமேளா ஆகிய நால்வர் பாடல்களும் உள்ளன. தீண்டாமைக்கு ஆளான ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேருடைய பாடல்கள் ஏறத்தாழ 700 ஆண்டுகளாகப் பிழைத்திருப்பது இந்திய இலக்கியத்தில் அரிய செய்தி.

இந்த ஐவரும் ஒரே மாதிரி பேசவில்லை என்பதுதான் முக்கியம். சோகாமேளர் சில இடங்களில் தம் பிறப்பை முன்வினைப் பயன் என்று ஏற்றுக்கொள்கிறார். வேறு சில இடங்களில், கரும்பின் கோணலையும் அதன் சாற்றையும் ஒப்பிட்டு, வெளித்தோற்றத்தை வைத்தா ஆளை எடைபோடுகிறீர்கள் என்று கேட்கிறார். சோயராபாய் ஒரு படி மேலே போகிறார். எந்த உடம்பு தீட்டில்லாமல் பிறந்தது, பிறப்பே தீட்டு என்றால் தூய்மையானவர் யார் என்பது அவர் வாதம். பிள்ளைப்பேறு பார்த்த ஒரு பெண்ணின் வாதம் அது. சாஸ்திரம் படித்தவர் எளிதில் பதில் சொல்ல முடியாது. மகன் கர்மமேளாவுக்கோ பொறுமையே இல்லை. எச்சில் சோறு தின்ன வைத்துவிட்டு உனக்கு வெட்கமாக இல்லையா என்ற தொனியில் ஆண்டவனிடமே சண்டைக்குப் போகிறார்.

தகப்பன் பணிந்து கேட்டதைத் தாய் வாதாடிக் கேட்கிறார். மகன் கோபித்துக் கேட்கிறார். இங்கேதான் நண்பரின் கேள்விக்கு முதல் பதில் கிடைத்தது. நம்பிக்கை அவர்களை வாய்மூடி இருக்கச் செய்யவில்லை. ஊரில் யாரிடமும் வாய்திறக்க முடியாதவர்களுக்குப் புகார் சொல்ல ஓர் இடம் கொடுத்தது. நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்க எனக்கு உரிமையும் இருக்கிறது என்று உள்ளூர நம்பாதவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அந்தத் தைரியத்தைத்தான் அந்தக் குடும்பம் விட்டலனிடமிருந்து பெற்றது.

நந்தனார் பாடியிருந்தால்?

இந்த இடத்தில் நமக்கு நந்தனார் நினைவுக்கு வராமல் இருப்பாரா? சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரைக் குறிப்பிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அவர் கதையை விரித்துச் சொன்னார். ஆதனூர்ப் புலையர் குலத்தவர். கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் சந்நிதிவரை போயிற்று, அவர் போக முடியவில்லை. திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது. தில்லையில் தீ மூட்டி மூழ்கச் செய்தார்கள். பூணூலும் சடையுமாக முனிவர் வடிவில் எழுந்து, அம்பலத்துக்குள் சென்று மறைந்தார்.

இரண்டு கதைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நந்தனார் உள்ளே போனார், ஆனால் நந்தனாராகப் போகவில்லை. சோகாமேளர் உள்ளே போகவில்லை. கடைசிவரை சோகாமேளராகவே இருந்தார். இன்னொன்று: நந்தனாரின் பாட்டு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஏக்கத்தைச் சேக்கிழார் சொல்லித்தான் அறிகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சொல்லி அறிகிறோம். நந்தனாரை வாட்டும் வேதியர் பாரதியார் படைத்த பாத்திரம். பெரிய புராணத்தில் அவர் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1960களின் தொடக்கத்தில், தஞ்சை ஜில்லாவில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நந்தனார் சரித்திரம் காலட்சேபம் நடந்தது. நான் பாட்டியின் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நந்தனார் தில்லைக்குப் போக உத்தரவு கேட்கும் கட்டத்தில் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் நிலத்தில் நாற்று நட்ட ஜனங்கள் தேரடிக்கு அப்பால் இருட்டில் நின்று அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலயப் பிரவேசச் சட்டம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அழுத எங்களில் ஒருவருக்கும் 'உள்ளே வாங்க' என்று சொல்லத் தோன்றவில்லை. பக்தி என் வீட்டுக்குக் கண்ணீரைக் கொடுத்தது, தைரியத்தைக் கொடுக்கவில்லை. தேரடியில் நின்றவர்களுக்கு அந்தப் பாட்டு எதைக் கொடுத்தது என்று நான் அவர்களைக் கேட்டதும் இல்லை.

படியிலிருந்து இரண்டு வழிகள்

இருபதாம் நூற்றாண்டில் சோகாமேளரின் படியிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன.

முதல் வழி டாக்டர் அம்பேத்கருடையது. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் தண்ணீர் எடுத்தார். 1930 மார்ச் 2 அன்று நாசிக் காளாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கிற்று. ஐந்து ஆண்டு போராடியும் கதவு திறக்கவில்லை. அவர் துணைவியார் ரமாபாய்க்குப் பண்டரிபுரம் போக வேண்டும் என்று தீராத ஆசை. தீண்டாதார் வெளியே நின்று கும்பிட வேண்டிய பண்டரிபுரம் எதற்கு, நாமே வேறொரு பண்டரிபுரம் படைப்போம் என்று அம்பேத்கர் ஆறுதல் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். 1935 மே மாதத்தில் ரமாபாய் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார்.

அம்பேத்கர் பக்தர்களைக் கண்டித்தவர். காந்தியடிகளுக்கு எழுதிய பதிலில், சாதுக்கள் கடவுளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றிக் கவலைப்பட்டார்களே ஒழிய, மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவை மாற்றப் போராடவில்லை என்றார். நியாயமான கண்டனம். ஆனால் அவரே 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதார் யார் என்பதை ஆராயும் நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு. நம் ஆதனூர்க்காரரும் மங்களவேடாக்காரரும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கிறார்கள். வழி வேண்டாம் என்றவரும் அவ்வழியில் நடந்தவர்களை மறக்கவில்லை. நாக்பூரில் மகார் மாணவர்களுக்காக ஏற்பட்ட விடுதியும் சோகாமேளர் பெயரையே தாங்கியது.

இரண்டாவது வழி சானே குருஜியுடையது. 'சியாமின் தாய்' எழுதிய அதே குருஜிதான். விடுதலைப் போரில் திருச்சிச் சிறையில் இருந்தபோது தமிழ் கற்றவர், திருக்குறளை மராத்தியில் தந்தவர். நம் சங்கத்தார் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது. பண்டரிபுரம் கோயில் எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று மகாராஷ்டிரம் முழுதும் சுற்றினார். பிறகு 1947 மே 1 அன்று பண்டரிபுரத்திலேயே உண்ணாவிரதம் தொடங்கினார். மே 10 அன்று கோயிலார் இணங்கினார்கள். மதுரை மீனாட்சி கோயிலில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசத்துக்கு எட்டு ஆண்டு பின்னால். சோகாமேளர் மறைந்து 609 ஆண்டு கழித்து.

நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதில்

ஆக, பாட்டுக்குக் கதவு திறந்ததா? இல்லை. பட்டினி கிடந்த ஒருவருக்காகவும், குளத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்காகவும், சட்டத்துக்காகவும்தான் திறந்தது. இதை மறைத்து, பக்தி இருந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று நாம் சொன்னால் அது தேரடியில் நின்றவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

ஆனால் அந்த 609 ஆண்டும் 'இந்த வாசல் எனக்கும் உரியது' என்ற பாத்தியதையைக் காலாவதியாகாமல் வைத்திருந்தது பாட்டு. ஆஷாட ஏகாதசிக்கு ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பாதயாத்திரையாக வந்த வார்க்கரிகள் அத்தனை பேரும் கோயிலுக்குள் நுழையும்போது அந்தச் சமாதியைத் தாண்டித்தானே போக வேண்டும்? வெளியே நிறுத்தப்பட்டவன் வாசலை விட்டுப் போகவே இல்லை. உள்ளே நுழைந்தவர்கள் ஒவ்வொருவரையும் அவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான்.

இதை நண்பரிடம் சொல்ல எனக்கு ரொம்ப வருஷம் பிடித்தது. பணி ஓய்வுக்குப் பின் ஒருநாள் தாதர் ஸ்டேஷனில் பார்த்தபோது சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிதான் அண்ணா. ஆனா கர்மமேளாவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வண்டி வந்துவிட்டது. 'ஜெய்பீம்' என்று கையை உயர்த்திவிட்டு ஏறிப் போனார்.

அடுத்த முறை பண்டரிபுரம் போகும் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரிசையில் சேருவதற்கு முன்னால் மகாத்வாரத்துக்கு எதிரே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அங்கே இருப்பவர் நம் நந்தனாரின் உறவுக்காரர்.