குறைமாதப் பிறப்பு: திங்கட் கணக்கும் எடைக் கணக்கும்

உரிய காலத்திற்கு முன்னர்ப் பிறக்கும் மகவைக் 'குறைமாதக் குழந்தை' என வழங்குகின்றோம். இச்சொல் சுட்டுவது காலக் குறைவையே. உடலெடையின் குறைவை அன்று. கருப்பம் பத்துத் திங்கள் என்னும் நம் வழக்கும், திங்கள் ஒன்றுக்கு 28 நாள் எனக் கொள்ளின், கடைசி மாதவிலக்கின் முதல்நாள் தொட்டு மருத்துவர் எண்ணும் 280 நாளோடு ஒத்தமைகின்றது. மேலை மருத்துவமோ நெடுங்காலம் வேறொரு வழியிற் சென்றது. அதனால் நகரையும் நாட்டுப்புறத்தையும் ஒப்பிடுங்கால் நேர்ந்த மயக்கத்தை ஈண்டு ஆராய்வாம்.

1919-இல் பின்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ, 2,500 கிராம் எடையைக் குறைமாதப் பிறப்பின் எல்லையாக வகுத்தார். கருவுற்ற நாளைத் திட்டமாக அறிதல் அரிது; மகவை நிறுத்தலோ எளிது. 1950-இல் உலகச் சுகாதார நிறுவனமும் இவ்வளவையையே மேற்கொண்டது.

எளிமை உண்மையாகிவிடாது. 1944-45 குளிர்காலத்தில், செருமானியர் ஆட்சியின்கீழ் இருந்த மேற்கு நெதர்லாந்து நகரங்களிற் கொடும்பஞ்சம் நிலவிற்று. கருப்பத்தின் இறுதித் திங்கள்களிற் பட்டினியுற்ற தாயரின் மகவுகள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. கருப்பக் காலமோ அத்துணைக் குறுகவில்லை. எனவே, எடைக் குறைவு வேறு, காலக் குறைவு வேறு என்பது பெறப்படும். உணவுக் குறை மிக்க சிற்றூர்களில் எடை ஒன்றையே அளவையாகக் கொள்ளின், காலம் நிரம்பியும் மெலிந்து பிறந்த மகவுகள் பலவும் குறைமாதக் கணக்கில் ஏறிவிடும். இம்மயக்கம் நீக்கவே 1961-இல் அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 'குறைந்த பிறப்பெடை' எனத் தனிப்பெயர் வகுத்தது. இன்று 37 வாரம் நிரம்பாப் பிறப்பே குறைமாதப் பிறப்பாகும்.

கணக்குத் தெளிந்தபின் காரணங்களும் தெளிவாகின்றன. இளவயதுக் கருப்பம், பேறுகளுக்கிடையே போதிய இடைவெளியின்மை, சோகை, மலேரியா, கடும் உடலுழைப்பு ஆகியன நாட்டுப்புறத்தில் மிகுதியும் பேசப்படுவன. காற்று மாசு, முதிர்ந்த வயதுக் கருப்பம், கருத்தரிப்பு மருத்துவத்தால் நேரும் இரட்டைக் கரு, உரிய காலத்திற்கு முன்னரே மருத்துவர் செய்யும் அறுவைப் பேறு ஆகியன நகரத்திற் பேசப்படுவன. ஆயினும் இப்பகுப்பு முற்றமுடிந்ததன்று. விறகடுப்பின் புகை சிற்றூர்த் தாயையும் வருத்துகின்றது. சோகையோ நகரச் சேரித் தாயையும் விட்டபாடில்லை. காரணங்களைப் பகுப்பது ஊரெல்லை மட்டும் அன்று, வறுமையும் ஆகும்.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காலம் நிரம்பா மகவின் நுரையீரல் முதிர்ந்திராது. அதற்கு மூச்சுத்துணையும் வெம்மையும் உடனே வேண்டும். காலம் நிரம்பி மெலிந்த மகவின் முதற்குறை பெரும்பாலும் வேறு. ஆண்டுத் தாய் கருவுற்ற காலத்து உற்ற ஊட்டக் குறையை ஆராய்தல் வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் இருவர்க்கும் உதவி பிழைபடும். 2020-இல் உலகிற் பிறந்த குறைமாத மகவுகள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அவற்றுள் இந்தியாவிற் பிறந்தவை ஏறத்தாழ 30 லட்சம். பொதுமக்கள் நாவில் வழங்கும் 'குறைமாதம்' என்னும் சொல், தராசு மறைத்த வேறுபாட்டைத் தன்னகத்தே காத்து வந்தது என்பது நம் துணிபு.