நோயின் பெயரும் பழியின் வரலாறும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயர், அந்நோயை விட அம்மக்களைப் பற்றியே மிகுதியாகக் கூறுவதுண்டு. பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோய்க்குத் தமிழில் வழங்கிய பெயர் பறங்கிப்புண். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அது ஐரோப்பாவில் பெருகியபோது, இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர். 1498இல் போர்த்துக்கேயர் இந்தியக் கரையை அடைந்தனர். நம்மிடையே அது பறங்கியர் பெயரைப் பெற்றது. பெயர்கள் பல, கருத்து ஒன்றே: நோய் நம்முடையதன்று, அயலானுடையது.

அரசு பழி சுமத்த முற்பட்டபோது அது பெண்ணின் தலையில் விழுந்தது. 1864இல் பிரித்தானியாவிலும், 1868இல் இந்தியாவிலும் தொற்றுநோய்ச் சட்டங்கள் பிறந்தன. ஏகாதிபத்தியத்தின் படைவீரனைக் காப்பதே அவற்றின் நோக்கம். வறுமையால் உடலை விற்ற பெண்கள் பதிவுசெய்யப்பட்டனர், பலவந்தமாகப் பரிசோதிக்கப்பட்டனர், நோயுற்றவர் அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களை நாடிச்சென்ற ஆடவனை அச்சட்டம் தொடவில்லை. பயன் என்ன? பெண்கள் பதிவுக்கு அஞ்சி ஒளிந்தனர். ஜோசபின் பட்லர் 1869 முதல் நடத்திய இயக்கத்தின் விளைவாகப் பிரித்தானியச் சட்டம் 1886இல் நீங்கியது; இந்தியச் சட்டம் 1888இல் நீங்கியது.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தது. 1905இல் கிருமி கண்டறியப்பட்டது. 1910இல் சல்வர்சான் வந்தது. 1943இல் பெனிசிலின் சிபிலிசைக் குணப்படுத்துமென நிறுவப்பட்டது. ஆயினும் நாணத்துக்கு ஊசி மருந்தில்லை. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோதும், இரத்தம் ஈந்த ஏழைப் பெண்கள் மீதே மீண்டும் பழி பாய்ந்தது.

இவற்றைப் பேசத் தமிழில் சொல்லில்லை என்போர் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1857இல் பிரசவ வைத்தியம் தமிழ் நூலாயிற்று. சொல் அன்றே இருந்தது. சொல்லும் துணிவே இன்று குறைவு.

பழியின்றி அணுகினால் நோய் பின்வாங்கும் என்பதற்கு நம் நாடே சான்று. கருவுற்ற தாய்மார் அனைவருக்கும் வேறுபாடின்றி இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. எவரையும் தனித்துச் சுட்டாததால் எவரும் ஒளியவில்லை. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது.

ஆனால் பூவரசங்குளத்தில் ஓர் இளைஞனுக்கோ, மணமாகாத பெண்ணுக்கோ அந்தரங்க உறுப்பில் புண் தோன்றினால்? வவுனியா ஆஸ்பத்திரிக்கு பஸ் உண்டு. அரசாங்க சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. தடுப்பது, அறிந்தவர் கண்டுவிடுவாரோ என்ற அச்சம். அந்த அச்சம் இயற்கையன்று. மேற்கண்ட வரலாறு விளைத்தது. எனவே அதை மாற்றவும் முடியும். சுகாதாரப் பாடத்தின் அந்தப் பக்கங்களை "வீட்டில் வாசியுங்கள்" என்று புரட்டிவிடும் ஆசிரியராகிய நாம், அவற்றை வகுப்பில் உரக்க வாசிப்போம். நோயுற்றவன் குற்றவாளியல்லன், நோயாளி என்ற எளிய உண்மையை அங்கிருந்தே தொடங்குவோம்.