எவ்ளோ கொடுக்குது? - நம்ம ரோட்டு செடான்களின் கதை

கார் வாங்கினவனிடம் நம்ம ஊரில் கேட்கும் முதல் கேள்வி "எவ்ளோ வேகம் போகும்?" இல்லீங்க. "எவ்ளோ கொடுக்குது?" தான். மாட்டைப் பற்றிக் கேட்கிற அதே கேள்வி, அதே வினைச்சொல். லிட்டர் கணக்கும் அதேதான். :-)

கார் பைத்தியங்களுக்கு இந்தக் கேள்வி அலர்ஜி. "மைலேஜ் பார்க்கிறவன் பஸ்ஸில் போகட்டும்" என்று சொல்லும் கோஷ்டி எங்கள் ஆபீஸிலும் உண்டு. எதிர் கோஷ்டி, "இந்த டிராஃபிக்ல 150 எச்பி வெச்சுட்டு என்ன பண்ணப் போற?" என்பார்கள். மிட்சைஸ் செடான் ஒன்று வாங்கலாமா என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்தச் சண்டைக்கு வயசு என்ன, இதுவரை ஜெயித்தது யார் என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட, பாதிக் கதை என் வீட்டுப் பக்கமே கிடைத்தது.

நான் இருப்பது நூம்பலில். வேலப்பன்சாவடி வந்து பூந்தமல்லி ஹைரோட்டில் ஏறி மேற்கே போனால் பூந்தமல்லியில் பாதை ரெண்டாகப் பிரியும். நேரே போனால் செம்பரம்பாக்கம் தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஹூண்டாய் ஃபேக்டரி. வலது பக்கம் திருமழிசை, வெள்ளவேடு வழியாகப் போனால் திருவள்ளூர். அங்கேதான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998ல் மிட்சுபிஷி லான்சரைச் செய்ய ஆரம்பித்தது. ஒரே ரோட்டில் கிளம்பி ரெண்டு திசைக்குப் போன ரெண்டு கம்பெனிகள்.

ஆனா கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. கொஞ்சம் தெற்கே, வண்டலூர் பக்கம் போகணும். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைச் செய்த நம்ம மெட்ராஸ் கம்பெனி, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், 1985ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு பெரிய காரை இறக்கியது. உடம்பு, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. சாதாரண உடம்பு இல்லை. 1977ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருது வாங்கியது. அங்கே அதில் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின் வரை உண்டு. பிரிட்டிஷ் போலீஸ்காரர்கள் அதில்தான் துரத்தினார்கள்.

நம்ம ஊர்க் காரில் உள்ளே வைத்தது என்ன? 1991 சிசி நாலு சிலிண்டர், 83 எச்பி, நாலு கியர். 1940களில் ஸ்டாண்டர்ட் வான்கார்டுக்காக உருவான எஞ்சினின் வாரிசு. அந்த எஞ்சின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. அதே குடும்பம் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது என்பதால் எஞ்சினை முழுசாகத் திட்டவும் முடியாது. ஆனா அது 1953 மாடல் சின்னக் கார்! முப்பது வருஷம் கழித்து அதை இந்த பீமன் உடம்பில் வைத்தால் என்ன ஆகும்? வேகமும் வரவில்லை, மைலேஜும் வரவில்லை. மாருதி 800 ஏற்கனவே தெருவில் ஓட ஆரம்பித்துவிட்ட காலம் வேறு. 1988ல் கதை முடிந்தது.

எனக்கு இந்தக் கார் மேல் ஒரு பரிதாபம் உண்டு. அதைவிட முக்கியம், அது சொல்லும் விஷயம். மைலேஜ் வேணுமா பவர் வேணுமா என்று கேட்கும்போது, ஒன்றை விட்டால் இன்னொன்று கிடைத்துவிடும் என்று நாமே வைத்துக்கொள்கிறோம். ரெண்டையும் விட முடியும். ஸ்டாண்டர்ட் 2000 விட்டுக் காட்டியது.

அதே காலத்து கான்டெஸாவுக்கும் இதே வியாதிதான். வாக்ஸ்ஹால் உடம்பு, அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின். இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. 1990ல் வந்த மாருதி 1000க்கு 970 சிசி. அதன் மேல் நாலு பேர், ஏசி, டிக்கி நிறைய சாமான்... பாவம். மூணு நாலு வருஷத்தில் 1.3 லிட்டர் எஞ்சினை வைத்து எஸ்டீம் என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம் யாரும் குறை சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் மெக்கானிக்கல் மேட்டர். போரடித்தால் அடுத்த பாராவுக்குத் தாவிவிடுங்கள். ஒரு மிட்சைஸ் கார் சமதளத்தில் 80 கிமீ வேகத்தில் சீராகப் போக, தோராயமாகக் கணக்குப் போட்டால், பத்துப் பன்னிரண்டு எச்பி போதும். நம்புங்க, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வேகத்தைக் கூட்டுவதற்கும் மேடு ஏறுவதற்கும். அப்போ பெரிய பெட்ரோல் எஞ்சின் என்ன செய்கிறது? ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டிருக்கும்போது காற்று வரும் வழி முக்கால்வாசி மூடியிருக்கும். ஸ்ட்ராவை விரலால் பாதி அழுத்திக்கொண்டு ஜூஸ் குடிப்பது போல. எஞ்சின் தன் பலத்தில் ஒரு பங்கை வெறும் மூச்சு இழுக்கவே செலவு பண்ணும். பெரிய எஞ்சின் டிராஃபிக்கில் குடிப்பது இதனால்தான். சின்ன எஞ்சின் பெரிய உடம்பில் குடிப்பதற்குக் காரணம் வேறு. அதை எப்போதும் மிதித்துக்கொண்டே, மேல் ஆர்பிஎம்மில் கதற வைத்துக்கொண்டே ஓட்டணும்.

இன்னொன்று, நாம் பீத்திக்கொள்ளும் எச்பி எண் 5500, 6000 ஆர்பிஎம்மில் வருவது. வானகரத்தில் இருந்து கோயம்பேடு வரை ஊர்ந்து போகிறவன் ரெண்டாயிரத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். அங்கே நமக்கு வேண்டியது டார்க், நம்ம மெக்கானிக் பாஷையில் புல்லிங். அது எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இதை நன்றாகப் புரிந்துகொண்டது ஹோண்டா. 1998ல் வந்த முதல் சிட்டி ஓட்டுகிறவனின் கார். பின்னால் வந்த விடெக் மாடல் 106 எச்பி. அதை வைத்திருந்தவர்கள் இன்னிக்கும் பழைய காதலி மாதிரி பேசுவார்கள். 2003ல் புது சிட்டி வந்தது. உயரமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, 77 எச்பியோடு! அதே 1.5 லிட்டர்தான். சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, ரெண்டு ஸ்பார்க் பிளக். மொத்தம் எட்டு பிளக். ஐ-டிஎஸ்ஐ என்று பெயர். எரிபொருள் முழுசாக எரியணும் என்பதுதான் அந்த ரெட்டை பிளக்கின் வேலை. கார் பைத்தியங்கள் துக்கம் கொண்டாடினார்கள். காரோ பிய்த்துக்கொண்டு போனது.

கஞ்சப் பசங்க வாங்கினாங்க என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த எஞ்சினின் உச்ச டார்க் 2700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். பேப்பரில் 29 எச்பி குறைவு. ஆனா சிக்னலில் இருந்து கிளம்பும்போது, மூணாவது கியரில் ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது குறை தெரியாது. "எவ்ளோ கொடுக்குது" என்று கேட்ட மாமாக்களும் சித்தப்பாக்களும் எஞ்சினியரிங் படிக்காமலே சரியான எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். எச்பியைக் கேட்டவர்கள்தான் அந்த ரோட்டில் எட்டாத ஒரு ஆர்பிஎம்முக்குக் காசு கொடுத்தார்கள். (பின்னாடி ஹோண்டாவே 100 எச்பி விடெக்கையும் திரும்பக் கொண்டுவந்து ரெண்டு கோஷ்டியையும் சமாதானப்படுத்தியது வேறு விஷயம்.)

மறைமலைநகரில் இருந்து 1999ல் வந்த ஃபோர்டு ஐகானும் இந்தப் பட்டியலில் வரணும். 1.6 லிட்டர் பெட்ரோல், 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும், அதனால் ஊருக்குள் ஓட்டவும் அருமை. குடிப்பதிலும் ஜோஷ்தான். அதை விரும்பினவர்கள் ரொம்ப விரும்பினார்கள்.

இப்போ பூந்தமல்லிக்குத் திரும்புவோம். வலது பக்க ரோட்டில் லான்சர். அதன் அண்ணனான லான்சர் எவல்யூஷனை வைத்து டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து உலக ராலி சாம்பியன். பெயருக்கு இருந்த கவர்ச்சி அப்படி. ஆனா திருவள்ளூரில் செய்த லான்சரில் டீசலும் உண்டு. ரெண்டு லிட்டர், 70 எச்பிக்கும் கீழே! ராலி பெயர், மாட்டுவண்டி நிதானம். 2006ல் அதே ஃபேக்டரியில் செடியா வந்தது. ரெண்டு லிட்டர் பெட்ரோல், 115 பிஎஸ். அருமையான கார். ஆனா டீசல் இல்லை.

நேர் ரோட்டில் ஹூண்டாய் என்ன செய்தது? 2002ல் ஆக்சென்ட் சிஆர்டிஐ. மூணே சிலிண்டர், காமன் ரெயில் டீசல், 82 பிஎஸ். 2006ல், செடியா வந்த அதே வருஷம், வெர்னா. ஒன்றரை லிட்டர் டீசல், 110 பிஎஸ். கவனியுங்க, ரெண்டு லிட்டர் பெட்ரோல் செடியாவை விட ஐந்தே குறைவு. இழுவையில் அதை விட அதிகம். மைலேஜோ வேறு ஜாதி. பழைய டீசலில் பம்ப் தள்ளினால்தான் டீசல் போகும். காமன் ரெயிலில் எப்போதும் பேரழுத்தத்தில் டீசல் ஒரு குழாயில் தயாராக நிற்கும். எத்தனை துளி, எந்த நொடியில் என்று கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். நம்ம சாஃப்ட்வேர் ஆட்கள் பெருமைப்பட ஒரு இடம். :-) மைலேஜா பவரா என்ற சண்டை அங்கேயே தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. காரணம் எஞ்சினில் இல்லை, டெல்லியில் இருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு தன் கட்டுப்பாட்டில் இருந்து விடுவித்தது, டீசலை விடவில்லை. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு, டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! பெட்ரோல் மட்டுமே வைத்திருந்த சிட்டி, டீசல் வெர்னாவிடம் முதலிடத்தை விட்டது. ஹோண்டா பதறிப்போய் 2014 ஜனவரியில் டீசல் சிட்டியைக் கொண்டுவந்தது. லிட்டருக்கு 26 கிமீ என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் டீசல் விலையையும் அரசு விடுவித்துவிட்டது! டைமிங் என்றால் இதுதான். 2020ல் பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாடு, 2023ல் ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் சோதனை விதி. சிட்டி, வெர்னா ரெண்டிலும் டீசல் 2023ல் போயேபோச்சு.

எல்லாரும் ஒன்றரை லிட்டரிலேயே நிற்பதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. 2017 ஜிஎஸ்டியில் 1500 சிசி வரை ஒரு செஸ், அதற்கு மேல் போனால் கூடுதல் செஸ். 2025 செப்டம்பரில் செஸ்ஸை எடுத்துவிட்டு பெரிய கார் எல்லாவற்றுக்கும் 40 சதவீதம் என்று ஆக்கினார்கள். நாம் டேஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, நிதியமைச்சரின் டேஸ்ட்.

திருவள்ளூர் ஃபேக்டரி என்ன ஆச்சு? லான்சர் போச்சு, செடியா போச்சு. இசுஸு கொஞ்ச காலம் அங்கே வண்டி செய்தது. 2021ல் இருந்து சிட்ரோயன் கார்கள் அங்கிருந்து வருகின்றன.

ஆக இப்போ என் முன்னால் இருப்பது ரெண்டு. 2022ல் வந்த ஹைப்ரிட் சிட்டி, 126 பிஎஸ், வந்தபோது சொன்ன மைலேஜ் 26.5. ஊருக்குள் சக்கரத்தைச் சுற்றுவது பெரும்பாலும் மோட்டார்தான், எஞ்சின் கரண்ட் தயாரித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று 2023ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த டர்போ வெர்னா, 160 பிஎஸ், 1500 ஆர்பிஎம்மிலேயே 253 நியூட்டன் மீட்டர். சொன்ன மைலேஜ் 20 சொச்சம். இந்த எண்ணெல்லாம் ஆய்வகத்தில் உருளைகள் மேல், ஏசி போடாமல், 90க்கு மேல் போகாமல் இருபது நிமிஷம் ஓட்டி எடுப்பது. மே மாச மதுரவாயலில் ஏசி போடாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்.

என் ஊகத்தில் ஊருக்குள் ஒன்று 20, இன்னொன்று 11. வருஷம் 12,000 கிமீ, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 600 லிட்டருக்கும் 1090 லிட்டருக்கும் உள்ள வித்தியாசம், 49,000 ரூபாய். விலை வித்தியாசம் ரெண்டு லட்சம் என்றால் நாலு வருஷத்தில் கழிந்துவிடும். ஆனா ஹைவேயில் அதிகம் ஓட்டுகிறவனுக்கு டர்போவும் 17, 18 கொடுக்கும். அப்போ இந்தக் கணக்கே கவிழ்ந்துவிடும். என் ஓட்டத்தில் முக்கால்வாசி கிழக்குப் பக்கம், ஆபீஸுக்கு. கால்வாசிதான் மேற்கே, பெங்களூர் ரோடு.

ஷோரூம் தம்பி ஞாயித்துக்கிழமை காலையில் டெஸ்ட் டிரைவ் வாங்க சார், பைபாஸ் காலியா இருக்கும் என்கிறார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வேலப்பன்சாவடி டு கோயம்பேடு, ஏசி போட்டு, நாலு பேரோடு. ரெண்டு வண்டியும்.