வயதான நாய்க்கு என்ன கணக்கு?



நம் வளாகத்துக்கு இப்போது 14 வயது. கிரகப்பிரவேசம் முடிந்த முதல் இரண்டு வருடங்களில் பல வீடுகளுக்குக் குட்டியாக வந்து சேர்ந்த நாய்கள் எல்லாம் இன்று கிழடு தட்டிவிட்டன. நீங்களும் கவனித்திருப்பீர்கள். முகவாயில் நரை, கண்ணில் மங்கல், படியேறத் தயக்கம். அன்று ஓடிப்போய் ஆபீஸ் பஸ் பிடித்த நம்மில் பலரும் இன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறோம் என்பது வேறு விஷயம்.

வீடு மாற்றிப் போகும்போது, மருந்துச் செலவு ஏறும்போது, ராத்திரியில் அது காரணமில்லாமல் குரைக்கும்போது, "இனி இதை என்ன செய்வது?" என்ற பேச்சு சில வீடுகளில் எழுகிறது. இந்தக் கேள்வி இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது. பெரிய மனிதர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு கதை. ஹோமர் இயற்றியதாகச் சொல்லப்படும் ஒடிசி என்ற கிரேக்கக் காவியத்தில் ஆர்கோஸ் என்று ஒரு நாய் வருகிறது. ஒடிசியஸ் மன்னன் தானே வளர்த்த குட்டி. அவன் டிராய் போருக்குப் போய்த் திரும்ப 20 வருடம் ஆகிவிடுகிறது. மானையும் முயலையும் விரட்டிப் பிடித்த அந்த நாய், கடைசியில் வாசலில் சாணக் குவியலின் மேல், உண்ணி மொய்க்கக் கிடக்கிறது. மன்னன் பிச்சைக்காரன் வேடத்தில் வருகிறான். மனிதர்கள் அவனை இன்னும் அடையாளம் காணவில்லை, நாய்க்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்து வரத் தெம்பில்லை. வாலை ஆட்டிக் காதைத் தாழ்த்துகிறது, அவ்வளவுதான். வேடம் கலைந்துவிடுமே என்று அவன் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நாய் உயிரை விடுகிறது.

எல்லோரும் இதை நன்றிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சாணக் குவியல்தான் கண்ணில் படுகிறது. அரண்மனை நிறைய வேலைக்காரர்கள் இருந்தும் கிழட்டு நாயைப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

வீரம் காட்டிய நாய்க்கு மரியாதை கிடைத்திருக்கிறது. கி.மு. 480இல் பாரசீகப் படைக்குப் பயந்து ஏதென்ஸ் நகரமே காலியானபோது, பெரிக்கிளிசின் தந்தை சாந்திப்பஸ் வளர்த்த நாய், கப்பலோடு சேர்ந்து சலாமிஸ் தீவு வரை நீந்திப் போய்க் கரையேறியதும் செத்து விழுந்தது என்று சொல்வார்கள். அதைப் புதைத்த இடத்துக்கே 'நாயின் சமாதி' என்று பெயர். நம் செங்கம் பக்கத்து எடுத்தனூரிலும் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எஜமான் இறந்த பிறகும் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய், வீரனுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லில் நிற்கிறது.

ஆனால் நம் வீட்டு நாய்கள் கடலில் நீந்தவில்லை, கள்ளனைக் கடிக்கவும் இல்லை. கதவு மணி அடித்தால் குரைத்தன, குழந்தைகளோடு விளையாடின, வயதாகிவிட்டன. இவற்றுக்கு என்ன கணக்கு?

ரோமாபுரியின் கேட்டோவிடம் ஒரு பதில் இருக்கிறது. கி.மு. 234 முதல் 149 வரை வாழ்ந்தவர். சிக்கனத்துக்கும் நேர்மைக்கும் பேர்போனவர். விவசாயம் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. பண்ணை முதலாளிக்கு அதில் ஒரு பட்டியல் தருகிறார். உழைத்துத் தேய்ந்த மாட்டை விற்றுவிடு, பழைய வண்டியை விற்றுவிடு, பழைய கருவிகளை விற்றுவிடு. கிழட்டு அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடு என்கிறார். மாடும் வண்டியும் மனிதனும் ஒரே பட்டியலில்!

நான் பி.காம். படித்து, 35 வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதியவன். அந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. ஒரு இயந்திரம் வாங்கினால் வருடா வருடம் தேய்மானம் எழுதுவோம். ஓட்டம் நின்றால் காயலான் கடைக்குத் தள்ளுவோம். கேட்டோ செய்ததும் அதுதான். ஸ்பெயினில் போர் நடத்தியபோது தான் ஏறிய குதிரையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்தாராம். கப்பல் கூலி அரசாங்கக் கஜானாவுக்குச் செலவாகிவிடுமே என்று. ஆடிட்டர்கள் கைதட்டுவார்கள்.

சுமார் 250 வருடம் கழித்து கேட்டோவின் வாழ்க்கையை எழுதிய கிரேக்கர் புளூடார்க் அவரைப் பல இடங்களில் மெச்சுகிறார். இந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, தன் எதிர்ப்பைப் பதிவு செய்கிறார். உயிருள்ளதைத் தேய்ந்த செருப்பு போலவும் ஓட்டைப் பாத்திரம் போலவும் தூக்கி எறியக் கூடாது என்பது அவர் வாதம். நீதி மனிதர்களுக்குள் மட்டும் செல்லும்; கருணையின் வட்டம் அதைவிடப் பெரியது. நல்லவன் தன் நாயைக் குட்டியாக இருக்கும்போது மட்டுமல்ல, கிழமான பிறகும் பார்த்துக்கொள்வான். வேறு எதற்காக இல்லாவிட்டாலும், மனிதர்களிடம் அன்பாக இருப்பதற்கு ஒரு பயிற்சியாகவாவது அப்படிச் செய்ய வேண்டும் என்கிறார்.

சான்றுக்கு அவர் சொல்லும் சம்பவம் பென்ஷன்காரனான எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏதென்சில் பார்த்தினான் கோயில் கட்டியபோது, அதிகம் உழைத்த கோவேறு கழுதைகளை வேலையிலிருந்து விடுவித்தார்கள். அதில் ஒன்று தானாகவே திரும்பி வந்து, பாரம் இழுக்கும் மற்றக் கழுதைகளுக்கு முன்னே வழிகாட்டுவது போல் மேட்டில் ஏறியதாம். அது உயிரோடு இருக்கும்வரை ஊர்ச் செலவில் தீனி போட வேண்டும் என்று ஏதென்ஸ் மக்கள் தீர்மானம் போட்டார்கள். நவம்பர் தோறும் லைஃப் சர்டிபிகேட் கேட்காத பென்ஷன்!

புளூடார்க் சொன்ன பயிற்சி என்ன என்பது வயதான நாய் இருக்கும் வீட்டில் தானாகப் புரியும். எங்கள் மணிக்கு 13 வயது. முன்பு நான் அதன் பின்னால் ஓடுவேன். இப்போது அது வருவதற்காக நிற்கிறேன். காது மந்தம் என்பதால் பின்னாலிருந்து தொடாமல், முன்னால் போய் முகம் காட்டிவிட்டுத் தொடுகிறோம். டைல்ஸ் தரையில் கால் வழுக்குகிறது என்று ஹாலில் பழைய பாயும் மிதியடியும் போட்டோம். அதில் முதலில் பயனடைந்தது என் மனைவியின் முழங்கால். ஒரே நீண்ட நடைக்குப் பதில் மூன்று குட்டி நடை. பார்வை குறைந்தாலும் மூக்கு கைவிடவில்லை. ஒரு செடியை ஐந்து நிமிடம் மோப்பம் பிடிக்கிறது. நேற்று ஓடினோமே என்ற வருத்தம் அதன் முகத்தில் தெரியவில்லை. இன்று எத்தனை படி ஏற முடியுமோ அத்தனை ஏறுகிறது, முடியாதபோது உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்க்கிறது. உதவி கேட்பதில் அதற்கு வெட்கம் இல்லை. என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்னும் வராத பாடம் இது.

செலவு உண்டு, சிரமம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். முடியாத நிலை வந்தால் மருத்துவரிடம் பேசலாம், உறவினர், நண்பர்களிடம் ஒப்படைக்கலாம். தெருவில் இறக்கிவிடுவது மட்டும் வழியல்ல. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாய் வளர்க்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லிஃப்ட் வாசலில் ஒரு கிழட்டு நாய் மெதுவாக வெளியே வந்தால் அரை நிமிடம் பொறுங்கள். உங்களோடு நிற்கும் பேரனும் பேத்தியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொறுமை என்பது வகுப்பெடுத்து வருவதில்லை.

கேட்டோவின் குதிரைக் கதையை எழுதிவிட்டு, இது பெரிய மனசா, சின்ன மனசா என்று வாசகரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார் புளூடார்க். நானும் அப்படியே விடுகிறேன். கேட்டோவின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கப்பல் கூலி எவ்வளவு என்று அவர் கணக்குப் பார்த்தார். அந்தக் குதிரை அவரை எத்தனை மைல் சுமந்தது என்பதை மட்டும் எந்தப் பக்கத்திலும் வரவு வைக்கவில்லை.